மூன்றடி மூலை

புருஷனின் சட்டைப் பையிலிருந்த மேத்ரை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் செல்வாம்பாள் அதைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மடக்கினால் ஒரு சாண். பிரித்தால் ஆளைவிட உயரம் போகும் மஞ்சள் நிற மர அளவுகோல். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஆபீசில் கொடுத்தது. அவர்கள் போய் ஏழு வருடமாகி, ஆபீசின் பெயர்ப் பலகை பி.டபிள்யூ.டி. என்று மாறி, கணக்கெல்லாம் அடிக்கும் அங்குலத்துக்கும் வந்த பிறகும் அது வீட்டில் மேத்ரு என்றே இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அது இல்லாத சட்டையைத் தட்சிணாமூர்த்தி போட்டு அவள் பார்த்ததில்லை.

காலையில் காபியைக் குடித்துவிட்டு, சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தவர் சைக்கிளோடு சாய்ந்தார். டாக்டர் வந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. ஐம்பத்து நான்கு வயது. ரிடையராக இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"அத்த ஏன் இடுப்புல சொருவற? அதுல பித்தள முனை இருக்குது, குத்தும்," என்றாள் ஆயம்மா. சந்து முனையில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருப்பவள். செய்தி கேட்டு முதலில் ஓடிவந்தவளும் அவள்தான்.

"குத்தட்டும்," என்றாள் செல்வாம்பாள்.

அவரைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். மகள் பார்வதி காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மகன் வடிவேல் விழுப்புரத்தில் ரயில்வேயில் குமாஸ்தா. தந்தி கிடைத்து, பதினோரு மணி பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தான். செல்வாம்பாளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. வராததைச் சுற்றியிருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

ஜன்னலுக்கு வெளியே பந்தல் போட்டு ஆண்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டில் ஆண்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசும் குரல் ஒன்று உண்டு. அது உள்ளே இருக்கும் எல்லாருக்கும் கேட்கும்.

"நல்ல மனுசன்தான்," என்றது சாமிக்கண்ணுவின் குரல். பழைய சிப்பாய், பிரெஞ்சு பென்ஷன்காரர். சந்தில் எந்தச் சாவுக்கும் முதல் பெஞ்சு அவருடையது. "ஆனா எஞ்சினியரு. எஞ்சினியருங்க அப்பிடித்தான். கல்யாணத்துக்குக் கூப்ட்டா நாம பொண்ணு மாப்ளயப் பாப்போம். அவரு பந்தக்காலு நேரா நிக்குதான்னு பாப்பாரு."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"நமக்கு சனம்னா சனம். அவங்களுக்கு சனம்னா ஆளுக்கு இத்தன கொடம் தண்ணி, வூட்டுக்கு இத்தன அடி சாக்கட. அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது."

"மாமியா செத்தப்ப என்னா பண்ணாரு, பாத்தமில்ல?"

"பாக்காம என்னா. பொணம் மூலையில சிக்கிக்கிட்டு நிக்குது, ஊரே கதறுது. இவரு மட்டும் சொவத்தோரமா காலால அடி வச்சி அடி வச்சி அளந்துக்கிட்டு இருக்காரு."

இந்தக் கதை செல்வாம்பாளுக்குப் புதிதல்ல. எட்டு வருடமாகக் கல்யாணப் பந்தியிலும் காதுகுத்திலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. சொல்பவருக்குத் தகுந்தபடி அவர் அளந்த அடிகள் ஆறாகும், பத்தாகும். ஒரு தடவை அவளே சொல்லியிருக்கிறாள். சித்தப்பா மகள் வளைகாப்பில், வெற்றிலை மடித்துக்கொண்டே, அவர் நடந்த மாதிரி குதிகாலும் விரலும் ஒட்டி நடந்து காட்டினாள். பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். இடுப்பில் பித்தளை முனை குத்தியது. அதைவிட இது குத்தியது.

அன்று நடந்தது அவள் அம்மாவின் சாவு. இதே வீடுதான். அண்ணன் கலியபெருமாள் சந்து முனையில் புது வீடு கட்டிக்கொண்டு போனபோது அம்மா வர மறுத்துவிட்டாள். செல்வாம்பாளும் அவள் புருஷனும்தான் அம்மாவோடு இந்தப் பழைய வீட்டில் இருந்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்று சந்தில் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூரையில் எத்தனை ஓடு மாற்ற வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அண்ணன் புது வீட்டைத் தன் எல்லைக்குள்தான் கட்டினார். யாரும் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அதுவரை அந்த மூலையில் இருந்தது வேலி. சந்திலிருந்து தெருவுக்குத் திரும்பும் பாடை வேலிக்கு மேலே ஆடிக்கொண்டு திரும்பிவிடும். சுவருக்கு மேலே திரும்பாது. அஸ்திவாரம் போட்ட அன்று தட்சிணாமூர்த்தி போய், "மச்சான், மூலைய மட்டும் கொஞ்சம் வெட்டிக் கட்டுங்க," என்றாராம். "நேரா இருக்கறதும் ஒங்க கண்ணுக்குக் கோணலாத் தெரியும் மாப்ள," என்று அண்ணன் சிரித்தாராம். அதற்குப் பிறகு சந்தில் விழுந்த பிணங்கள் பின்பக்கம் தென்னந்தோப்பு வழியாக, வாய்க்காலைத் தாண்டிப் போயின. குட்டைப் பாடையில், இரண்டே பேர் தூக்கி, வழுக்கி வழுக்கி.

எங்கம்மா கொல்லைப் பக்கமா போவணுமா என்று அண்ணன்தான் கேட்டார். ஐந்தடுக்குப் பூந்தேர் கட்டச் சொன்னார். தாரை தப்பட்டை, வாண வேடிக்கை. அந்தத் தேர் அண்ணனுடைய புதுச் சுவரில்தான் சிக்கியது. அடுக்குகளைப் பிய்த்தார்கள், குடையை ஒடித்தார்கள். அப்போதும் மூங்கில் திரும்பவில்லை. கடைசியில் அம்மாவைக் கயிறு போட்டுக் கட்டி, பாடையைச் செங்குத்தாக நிமிர்த்தி, பிறகு பக்கவாட்டில் சாய்த்து, மரத் துண்டைத் திருப்புவது மாதிரித் திருப்பினார்கள். தாடைக்கட்டு அவிழ்ந்து அம்மாவின் வாய் திறந்துகொண்டது. நெற்றிக் காசு கீழே விழுந்து உருண்டது. அண்ணன் பாடையைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடித்தபடி "அம்மா, அம்மா" என்று கதறினார். எல்லாரும் கதறினார்கள். அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. சுவரோரமாக, குதிகாலும் விரலும் ஒட்ட, அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

அன்று அவளுக்கு வந்த வெட்கம், எட்டு வருடத்தில் முழுதாகப் போனதென்று சொல்ல முடியாது.

"அம்மா, ஆபீஸ்லேர்ந்து வந்துருக்காங்க," என்று வடிவேல் வந்து சொன்னான்.

மதராசிலிருந்து மாற்றலாகி வந்த இளம் அதிகாரி. ரோஜா மாலையைப் போட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பி, கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"என் கீழே இப்படி ஒருத்தர் இருந்ததில்லைம்மா. ஒரு தப்பு வராது, ஒரு நாள் லேட் கிடையாது. ஒரு மெஷின் மாதிரி."

புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"மெஷினு காபியில சக்கர கொறஞ்சா மொகத்தச் சுளிக்காதுங்க," என்றாள் செல்வாம்பாள்.

அதிகாரி தலையை ஆட்டினார். வெளியே போகும்போது வாசல்படியில் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்தார்.

வடிவேல் அங்கேயே நின்றான். "பாட கட்ற இருசப்பன் கேக்கறாரும்மா."

"என்னா கேக்கறாரு?"

இருசப்பனே ஜன்னலருகில் வந்தான். கையில் அரிவாள், தோளில் பச்சை மூங்கில். "எந்தப் பக்கமா எடுக்கறீங்கன்னு சொல்லிடுங்கம்மா. கொல்லப் பக்கம்னா குட்டையா வெட்டிடுவேன். முன்பக்கம்னா நாலு பேரு தோளு குடுக்க நீளமா உடணும். வெட்டிட்டா அப்பறம் ஒட்ட முடியாது."

"இதென்னா கேள்வி? முன்பக்கந்தான். மூணு வருசமா எல்லாரையும் அப்பிடித்தான எடுக்கறோம்."

இருசப்பன் வடிவேலைப் பார்த்தான். வடிவேல் தரையைப் பார்த்தான்.

"மாமா மூலையில செங்கல் அடுக்கி வச்சிருக்காரும்மா," என்றான். "பாட திரும்பாது."

அவளுக்குத் தெரியும். போன மாதமே தெரியும். மூன்று வருடத்துக்கு முன் சந்துக்குச் சாக்கடை போட்டபோது அந்த மூலையில் மூன்றடியை வெட்டித் திறந்துவிட்டார்கள். கோடு போட்டது தட்சிணாமூர்த்தி. அன்றிலிருந்து அண்ணன் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வெட்டின இடத்தில் போன மாதம் ஆயிரம் செங்கல்லைக் கொண்டுவந்து இறக்கினார். தங்கை புருஷன் அடுத்த வருடம் ரிடையராகிறார். அப்புறம் எவன் வந்து கேட்கப் போகிறான், மூலையை மறுபடி எழுப்பிவிடலாம் என்று விறகுக் கடையில் அண்ணன் பேசியதாக ஆயம்மா வந்து சொன்னாள். "மச்சான்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு," என்று அவரும் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். ஆகட்டும் ஆகட்டும் என்று அவள் தள்ளிப்போட்டாள். யாரோ ஒருவர் செத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

"கொல்லப் பக்கமா எடுத்துடலாமேம்மா," என்றான் வடிவேல். "இப்பதான் மாமா கோடி எடுத்துக்கிட்டு வர்றதா சொல்லி அனுப்பிருக்காரு. மூணு வருசம் கழிச்சி வர்றாரு. இந்த நேரத்துல எதுக்கு வம்பு? அப்பாவே இருந்தாலும் எந்த வழி கிட்டத்துல இருக்குதோ அப்பிடிப் போன்னுதான் சொல்லிருப்பாரு."

"அப்பாவப் பத்தி நீயும் கத சொல்ல ஆரம்பிச்சிட்டியா?"



அண்ணன் வந்தார். கலியபெருமாளுக்கு அறுபது நெருங்குகிறது. கனத்த உடம்பு. வாசலில் செருப்பை விட்டபோதே அழ ஆரம்பித்துவிட்டார். "மாப்ள, மாப்ள" என்று தலைமாட்டில் உட்கார்ந்து, செத்தவர் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். பொய் அழுகை இல்லை. அண்ணனுக்கு எப்போதும் கண்ணீர் மேலாகவே இருக்கும். குழந்தைக்குக் காது குத்தினாலும் அழுவார். கன்றுக்குட்டி செத்தாலும் அழுவார். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, அழுகிறவர்கள்தான் நல்லவர்கள் என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அழாத ஒருவரோடு இருபத்தாறு வருடம் வாழ்ந்தும் அந்தக் கணக்கைத் திருத்தவில்லை.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள், அதன்மேல் கோடிப் புடவை. அரக்குக் கலர். பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் கையால் அந்தப் புடவை அவள் தோளில் விழுந்தால்தான் பாடையைத் தூக்குவார்கள். அது விழாமல் எடுத்தால், பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி.

கலியபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தாம்பாளத்தைக் கையில் வாங்கினார். பந்தலிலிருந்த ஆண்களும் நிலைப்படிக்கு வந்து நின்றார்கள்.

"கோடி போட்டுட்டு நேரத்தோட எடுத்துடலாம்," என்றார். "பொழுதோட போனாதான் ஆவும். இருசப்பா, கொல்லப் பக்கமா எடுக்கற மாதிரி கட்டிடு. முன்னாடி செங்கல் கெடக்குது."

"அண்ணே," என்றாள் செல்வாம்பாள்.

"சொல்லுமா."

"செங்கல்ல எடுத்துடு."

அவர் காது கேட்காதது மாதிரி நின்றார்.

"மூலையில இருக்கற செங்கல்ல எடுத்துடு. அவரு முன்பக்கமாத்தான் போவணும்."

"ஆயிரம் கல்லு செல்வா. இப்ப யாரு எடுக்கறது? எந்த வழியாப் போனா என்னா, போயிட்டவருக்கு? எல்லாத்தையும் அடியும் அங்கொலமுமா பாத்த மனுசனுக்கு இதெல்லாம் ஒரு மானக்கொறச்சலா?"

"அப்ப கோடியத் திருப்பி எடுத்துட்டுப் போ."

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பார்வதி நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா," என்றான் வடிவேல்.

"நீ இரு. செங்கல்ல எடுத்துட்டு வந்து போடு அண்ணே, வாங்கிக்கறேன். இல்லாட்டி எனக்குக் கோடி வேணாம். இருக்கற பொடவையோட ஒக்காந்துக்கறேன்."

கலியபெருமாளின் முகம் கறுத்தது. "பொணத்த நடு வூட்டுல வச்சிக்கிட்டுப் பேசற பேச்சா இது? காலையிலேர்ந்து ஒரு சொட்டுக் கண்ணீரு வரல ஒனக்கு. எல்லாரும் சொன்னாங்க. நான் நம்பல. அந்த ஆளுகூட இருந்து இருந்து ஒனக்கும் நெஞ்சு கல்லாப் போயிடுச்சு."

இதைத்தான் அவள் காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள் போல. கேட்டதும் உடம்பு நிதானமாகிவிட்டது. எழுந்து நின்றாள்.

"அம்மா அந்த மூலையில வாயத் தொறந்துக்கிட்டுத் தொங்கினாங்களே, அன்னிக்கி நெஞ்சுள்ளவங்க அத்தன பேரும் அழுதோம். நீ அழுத. நான் அழுதேன். அழுதுக்கிட்டேதான் சாச்சோம் அண்ணே. கயிறு போட்டுக் கட்டி, அழுதுக்கிட்டே சாச்சோம். ஒருத்தருதான் அழாம அளந்தாரு. அவரு அளந்து வெட்டினப்பறம் இந்தச் சந்துல ஒரு பொணம் சாஞ்சிருக்கா? கேளு. நிக்கறாங்களே, கேளு."

ஆயம்மா மட்டும், யாரிடமும் இல்லாமல், "எங்கூட்டுக்காரரு நேராத்தான் போனாரு," என்றாள்.

"வெட்டணும்னா எதிர்ப்பக்கம் வெட்டிருக்கலாமில்ல?" கலியபெருமாளின் குரல் ஏறியது. "எம் மூலதான் கெடச்சிதா? மச்சான் வூடுன்னு பாத்தாரா? வெட்னாலும் எங்கம்மாவ நெனச்சி வெட்னேன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருந்தா நானே கடப்பாறைய எடுத்து இடிச்சிருப்பேன். சொன்னாரா?"

அந்தக் கேள்வியை மூன்று வருடத்துக்கு முன் அவளும் கேட்டிருக்கிறாள். இதே கூடத்தில், சோற்றைத் தட்டில் தள்ளியபடி. எங்கண்ணன் வீடுதான் கிடைத்ததா என்று. அவர் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "எதிர்ல ஆயம்மா வூடு. மொத்தமே ஒம்பதடி. மூணடி எடுத்தா அவ காலு நீட்டிப் படுக்க முடியாது. ஒங்கண்ணனுக்கு சைக்கிள் உடற எடம்தான் போவுது." அவள் விடவில்லை. அப்போ எங்கம்மாவுக்காக இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றே அவள் அழுது, எல்லாவற்றையும் மறந்திருப்பாள். அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு சொன்னார்: "ஒங்கம்மாவுக்கு இனிமே திரும்ப வேண்டியதில்லயே. உள்ள இன்னும் பதினேழு வூடு இருக்குது."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பதினேழு வீடு. பெண்டாட்டி தாயை நினைத்துக் கேட்கும்போதும் இந்த மனுஷனுக்கு வீடுகளை எண்ணத்தான் தெரியும் என்று நினைத்தாள். அந்தப் பதினேழில் தன்னுடையதும் ஒன்று என்று இன்று காலைவரை அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

"சொல்லல," என்றாள். "எங்கிட்டயும் சொல்லல. அம்மாவுக்காக வெட்டலண்ணே அவரு. உள்ள இருக்கற பதினேழு வூட்டுக்கு வெட்டினாரு. அப்பிடித்தான் எங்கிட்ட சொன்னாரு. எதிர்ப்பக்கம் வெட்டினா ஆயம்மா காலு நீட்ட முடியாதுன்னும் சொன்னாரு. அவரு சொல்லாதது ஒண்ணு இருக்குது. அம்மாவச் சிக்க வச்ச அந்தச் சொவரு யாருதுன்னு அவரு ஒரு நாளும் சொல்லல. நானும் எட்டு வருசமா கேக்கல."

கலியபெருமாள் தாம்பாளத்தைப் பார்த்தார். புடவைமேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டக்கூட அவர் கையை எடுக்கவில்லை. தாம்பாளத்தைப் பார்வதிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். செருப்பை மாட்டிக்கொள்ளவில்லை.

"போச்சு," என்று ஒரு பெண் முணுமுணுத்தாள்.

சாமிக்கண்ணு தொண்டையைச் செருமினார். நிலைப்படியில் நின்றபடி, சமாதானம் செய்கிறவர் குரலில், "அப்ப உள்ளுக்குள்ள ஈரம் இருந்துருக்குது பாரேன்," என்றார். "வெளியில காட்டிக்காத மனுசன். நமக்குத்தான் தெரியாமப் போச்சு."

அது அவளை ஆறுதல்படுத்தச் சொன்னது. எல்லாரும் தலையசைத்தார்கள். அவளும் ஆமென்று சொல்லிவிட்டால் போதும். மாலைக்குள் கதை மாறிவிடும். கல்லுக்குள் ஈரம் இருந்த எஞ்சினியர் என்று இனிமேல் கல்யாணப் பந்தியில் சொல்வார்கள். அவள் கூடத்தில் படுத்திருந்தவரைப் பார்த்தாள். அதுவும் அவர் இல்லை.

"உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு அவருக்குக் கெடயாதுங்க," என்றாள். "அவரு அளந்தாரு. அவ்வளவுதான். அதயே சொல்லுங்க."

சாமிக்கண்ணு பெஞ்சுக்குத் திரும்பிப் போனார்.

இருசப்பன் இன்னும் ஜன்னலருகில் நின்றான். "எப்பிடிம்மா வெட்றது?"

"நீளமா."

"திரும்பலன்னா?"

"திரும்பலன்னா மூலையிலயே எறக்கி வையுங்க. செங்கல் போறவரைக்கும் நானும் அங்கயே ஒக்காந்திருக்கேன்."

அவன் மூங்கிலில் அரிவாளால் ஒரு கொத்துப் போட்டு அடையாளம் வைத்தான். அவள் இடுப்பிலிருந்து மேத்ரை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். இருசப்பன் அதை வாங்கி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, மூங்கிலோடு சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். வேலை செய்கிறவன் ஒருவன் இன்னொருவன் கருவியைத் திருப்பித் தரும்போது துடைத்துத் தருவது மாதிரி வேட்டியில் துடைத்துத் தந்தான். அவள் அதை மறுபடி இடுப்பில் செருகாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்தார்கள். குளிப்பாட்டினார்கள். வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போடாமல், விபூதி பூசினார்கள். சட்டையில்லாத அவர் மார்பு குழந்தையினுடையது மாதிரி வெளுப்பாக இருந்தது. வெயில் எல்லாம் முகத்திலும் கழுத்திலும் முன்கையிலும் மட்டுமே. வாய்க்கரிசி போட ஒவ்வொருவராக வந்தார்கள். நாலு மணி ஆகிவிட்டது. கோடித் தாம்பாளம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை யாரும் தொடவில்லை. தாண்டிப் போகவும் இல்லை.

"எவ்வளவு நேரம்தான் காத்துக்கிட்டு இருக்கறது?" என்று பந்தலில் ஒருவர் கேட்டார்.

"எடுக்கட்டும்," என்றாள் செல்வாம்பாள்.

பார்வதி வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தாள். அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அம்மாவின் காதருகே குனிந்து, "மாமா மூலையில நிக்கறாரும்மா," என்றாள்.

"நிக்கட்டும்."

"இல்லம்மா. வந்து பாரு."

செல்வாம்பாள் எழுந்து வாசலுக்கு வந்தாள். சந்து இங்கிருந்து முனைவரை நேராகத் தெரியும். அண்ணன் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். உடம்பெல்லாம் வேர்த்துச் செங்கல் தூள் சிவப்பாக ஒட்டியிருந்தது. கூட யாரும் இல்லை. செங்கல் அடுக்கில் பாதி அவர் வீட்டு வாசலுக்கே மாறியிருந்தது. மீதி இன்னும் மூலையில் இருந்தது. அவர் சுவரிலிருந்து ஆரம்பித்து, குனிந்து தன் பாதங்களையே பார்த்தபடி, குதிகாலும் விரலும் ஒட்ட, ஒரு அடி, இன்னொரு அடி என்று வைத்துக்கொண்டிருந்தார். அடுக்கின் ஓரத்தில் போய் நின்றார். தலையை ஆட்டிக்கொண்டார். திரும்ப வந்து மறுபடி சுவரிலிருந்து ஆரம்பித்தார். பிறகு இன்னும் இரண்டு வரிசைக் கல்லை அள்ளினார்.

பந்தலில் இருந்தவர்களும் பார்த்தார்கள். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

செல்வாம்பாள் உள்ளே வந்து, புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அண்ணன் வந்தபோது கையைக் கழுவவில்லை. புடவையை எடுத்து அவள் தோளில் போட்டார். அரக்குத் துணியில் ஐந்து விரலும் பதிந்தது. வந்த வேகத்தில் மறுபடி மூலைக்கே போய்விட்டார்.

பாடையைத் தூக்கினார்கள். சங்கு ஊதியது. பெண்கள் சந்து முனைவரைதான் வரலாம். அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். தாலி அறுக்காத பெண் வாசலைத் தாண்ட வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். செல்வாம்பாள் பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தாள். பதினேழு வீட்டு வாசலிலும் தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

முனையில் ஆயம்மா வீட்டுச் சுவர் ஒரு பக்கம், அண்ணன் வீட்டின் வெட்டுப்பட்ட மூலை மறுபக்கம். தேவையான அளவுக்குச் செங்கல் விலகியிருந்தது. ஒரு கல்கூட அதிகமாக விலகவில்லை. முன்னால் தோள் கொடுத்தவர்கள் நடையைக் குறைக்கவில்லை. "பாத்து", "மெதுவா" என்று யாரும் குரல் கொடுக்கவும் இல்லை. பேசிக்கொண்டே வந்த சாமிக்கண்ணு பேச்சைக்கூட நிறுத்தவில்லை.

கலியபெருமாள் மூலையில் நின்றிருந்தார். பாடை வளைய ஆரம்பித்ததும் அவருடைய வலது கை தானாக முன்னால் நீண்டது. அம்மாவைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடித்த கை. மூங்கில் முனை அந்த உள்ளங்கைக்கு ஒரு சாண் தள்ளி, சாயாமல், மட்டமாகத் திரும்பித் தெருவுக்குள் போனது.

மேளச் சத்தம் தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும், செங்கல் தூள் படிந்த அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.